நாற்பத்து மூன்றாம் வருசத்து வண்டி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வெயில் ஆகாது. பழனி வரைக்குமா? நான் உடுமலையில எறங்கிக்குவேன்.

என் போன்ல நீங்க பார்த்தது வண்டிதானுங்க. பார்த்ததுல தப்பொண்ணும் இல்லை. உங்களுக்குத் தெரியட்டும்னுதான் அப்படிப் புடிச்சிட்டிருந்தேன். என் வயசுக்காரன் போன்ல பேரன் பேத்தி படம் வெச்சிருப்பான். நான் வண்டியை வெச்சிருக்கேன்.

ஜீப் இல்லீங்க. எல்லாரும் ஜீப்னுதான் சொல்றாங்க. இது அதுக்கு அண்ணன். முக்கால் டன் டாட்ஜ், நாப்பத்தி மூணாம் வருசம். யுத்தத்துல துப்பாக்கி, குண்டு, ஆளுக எல்லாத்தையும் ஏத்திட்டுப் போறதுக்குன்னே அமெரிக்காவுல செஞ்சது. கதவு கெடையாது. முன்னாடி கண்ணாடியை மடிச்சு பானட் மேல படுக்க வெச்சுரலாம். இந்தப் பக்கத்துல ஜீப்பு வெச்சிருக்கறவங்க நெறையப் பேரு. இது ஓடற நெலமையில எங்கிட்ட மட்டுந்தான். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் சொல்றேன்.

நான் முப்பத்தஞ்சு வருசம் மில்லு ஸ்பேர்ஸ் வியாபாரம் பண்ணினவனுங்க. கோயமுத்தூர்ல பாதி ஸ்பின்னிங் மில்லுக்கு நம்ம கடையிலிருந்துதான் சாமான் போகும். முப்பத்தஞ்சு வருசத்துல ஒருத்தன்கூட என் கடை சாமானை எடுத்துப் பார்த்து அழகா இருக்குன்னு சொன்னதில்லை. இந்த வண்டியை ரோட்டுல நிறுத்தினா பஸ்ஸே நின்னு பார்க்குமுங்க. டிரைவர் எறங்கி வந்து தொட்டுப் பார்ப்பான்.

எப்படிக் கெடச்சுதுன்னா, ஆனைமலைப் பக்கம் ஒரு மரமில்லு. மூடிக் கெடக்குது. அங்க பழைய பெல்ட் மோட்டார் பார்க்கப் போனவன், பின்னாடி மரத்தூள் குமிஞ்சு கெடக்கறதைப் பார்த்தேன். ஆள் உயரம். ஒரு ஓரத்துல மழைத்தண்ணி ஓடி தூள் கரைஞ்சு, உள்ள ஒரு சக்கரம் தெரியுது. அந்த மில்லுக்காரரோட அப்பா யுத்தம் முடிஞ்ச கையோட ராணுவ ஏலத்துல எடுத்தாராம். காட்டுல மரம் வெட்டற கூப்புக்காரங்களுக்கு மரம் இழுத்திருக்கு. அப்புறம் கெட்டுப்போயி நின்னது நின்னபடியே மரத்தூள் மூடிருச்சு.

மண்ணெண்ணெயைத் துணியில நனைச்சு சேசிஸைத் தொடைச்சேன். நம்பர் ஒவ்வொண்ணா மேல வருது. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எங்கய்யன் செத்தப்பக்கூட அப்படி வரலை.

வீட்டுக்குக் கொண்டாந்து போர்டிகோவுல நிறுத்தினேன். வீட்டுக்காரி கோமளத்துக்கு அதுல கொஞ்சம் வருத்தம். கோலம் போட எடமில்லைன்னா. கோலம் எங்க வேணும்னாலும் போடலாம். வண்டியை எங்க வேணும்னாலும் நிறுத்த முடியாதில்லீங்களா?

உக்கடத்துல யூசுப் பாய்னு ஒரு மெக்கானிக். அந்தக் காலத்து வண்டின்னா அவர்தான். அவரும் நானும் ஒன்றரை வருசம் ஒழைச்சோம். மைல் காட்டற ஸ்பீடாமீட்டர் கல்கத்தாவுலிருந்து வந்துச்சு. ஸ்டியரிங் கோழிக்கோட்டுல ஒரு மீன் வியாபாரி வீட்டுல கெடச்சுது. பெயிண்ட்டு இருக்கு பாருங்க, அதுதான் பெரிய வேலை. மிலிட்டரிப் பச்சைன்னு கடையில கேட்டா ஒரு பச்சை குடுப்பான். அது இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில உப்புத்தாள் போட்டுத் தேச்சுத் தேச்சு, ஒண்ணு மேல ஒண்ணா ஏழு பெயிண்ட்டு, அதுக்கும் அடியில காசு அகலத்துக்கு அசல் பச்சை கெடச்சுது. அதை வெச்சுக் கலக்கினோம். வருசா வருசம் சித்திரையில பழைய வண்டிக் கண்காட்சி நடக்கும். அங்க நடுவர்கள் போல்ட்டைக்கூட லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. அசலா இருக்கணும். அசல்தான் எல்லாமே.

இது கிணத்துக்கடவுங்களா? ஆமா. இங்க அஞ்சு நிமிசம் நிப்பான்.

போன வருசம் ஐப்பசியிலதான் அது நடந்துச்சு. பின்னாடி ஆளுக உக்கார்ற பலகையைக் கழட்டினோம். அடியில ஒரு இரும்புப் பெட்டி, சேசிஸோட சேர்த்து அடிச்சது. துருப்புடிச்சுத் தொறக்க மாட்டேங்குது. பாய் உளியை வெச்சு சுத்தியல்ல பத்துப் பன்னண்டு அடி அடிச்சார். தொறந்தா உள்ள மெழுகுத்தாள் சுத்தி ஆறு இருக்கு. வாழைப்பூ அளவு. வால்பக்கம் தகட்டுல சிறகு. குட்டிப் பீரங்கியில போட்டு எறியற குண்டு.

பாய் கையிலிருந்த சுத்தியலைத் தரையில வெச்சார். தூங்கற கொழந்தையைப் படுக்க வெக்கற மாதிரி வெச்சார்.

"அண்ணா, ஸ்டேசனுக்குப் போன் போடுங்க"ன்னார்.

"இருங்க பாய், யோசிக்கலாம்"னேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம ரெண்டு பேரும் மெதுவா வெளிய போயிரலாம். அவங்க வந்து எடுத்துக்கட்டும்."

அவர் சொன்னது ஒரு வகையில சரி. ஆனா தம்பி, போலீஸ் ஸ்டேசன் காம்பவுண்டுல வண்டி நிக்கறதைப் பார்த்திருக்கீங்களா? கேஸு வண்டின்னு கொண்டு போயி நிறுத்துவாங்க. கேஸு முடிய பத்து வருசம், பதினஞ்சு வருசம். டயர் மண்ணுக்குள்ள போயிரும். காக்கா எச்சம். பொறுக்கறவன் வந்து ஸ்பீடாமீட்டரை கழட்டிட்டுப் போயிருவான். இத்தனை வருசம் மரத்தூளுக்குள்ள உசுரோட இருந்த வண்டி அங்க போயிச் சாகணுமா? அதைத்தான் யோசிச்சேன். நான் எனக்காக யோசிக்கலை.

"தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் இருக்கார் பாய். நானே பேசி ஒப்படைச்சர்றேன்"னு சொல்லி அனுப்பிச்சேன். நாலு நாள் கழிச்சு, "குடுத்தாச்சு பாய், வண்டியைக் கேக்கலை"ன்னேன். "அல்ஹம்துலில்லா"ன்னு சொல்லிட்டு ஸ்பேனரை எடுத்தார். அவர் நிம்மதியா வேலை செய்யணுமில்ல. அதுக்காகச் சொன்னதுதான்.

உடுமலைக்குக் கெழக்க எங்கய்யன் காலத்து நெலம் கொஞ்சம் கெடந்துச்சு. ஆள் நடமாட்டம் இல்லை. நடுவுல பழைய கெணறு. எறைச்சு இருவது வருசமாச்சு, பாசி புடிச்ச தண்ணி. கோமளத்தோட பழைய சேலை ஒண்ணை கிழிச்சு ஒவ்வொண்ணாச் சுத்தி, ஒயர் கூடையில அடுக்கி, கார்ல பின்சீட்டுல வெச்சுக் கொண்டு போனேன். மேடு பள்ளம் வர்ற எடத்துல எல்லாம் எறங்கி நடந்துரலாமான்னு இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணி. கயித்துல கட்டி ஒவ்வொண்ணா எறக்கினேன். தூக்கி வீசலை. சத்தமே இல்லாம உள்ள போயிருச்சு. தண்ணியில போட்டா செத்துருமுன்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். முடிச்சுட்டு வந்து நல்லாச் சாப்பிட்டேன். அவ்வளவு பாரம் எறங்கின மாதிரி.

தையில அந்த நெலத்தை வித்தோம். திருப்பூர்க்காரர் ஒருத்தர் கோழிப்பண்ணை போடறதுக்கு வாங்கினார். அவர்கிட்டச் சொல்லியிருக்கணும்னு நீங்க நெனைக்கறீங்க. மூஞ்சியில தெரியுது. நானும் சொல்லலாம்னுதாங்க இருந்தேன். பத்திரம் எழுதற அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவர் சம்சாரம், அம்மா எல்லாரும் தேங்கா பழத்தோட வந்து நிக்கறாங்க. நல்ல காரியம் நடக்கற எடத்துல இதை எப்படிப் பேசறது? கெணத்தை அவர் தொடவே மாட்டார்னும் ஒரு நெனப்பு. போர் போட்டுக்கறேன்னார்.

இந்தக் கோடையில வெயில் அடிச்ச அடியில போர்ல தண்ணி வரலை. சித்திரையில ஒரு புதன்கெழமை போன் பண்றார். "ஏனுங்க, பழைய கெணத்தைத் தூர் வாரலாம்னு இருக்கோம். எத்தனை அடி சேறு இருக்குமுங்க?"

வண்டிக்கு அடியில படுத்திருந்தேன். கையெல்லாம் கிரீஸு. கண்காட்சிக்கு நாலு நாள். போனைத் தோளுல இடுக்கிட்டுத்தான் பேசறேன்.

"பதினஞ்சு அடி இருக்குமுங்க"ன்னேன். அப்புறம் சொன்னேன், இதை நீங்க கவனிக்கணும், நான் சொன்னேன்: "பார்த்து வாருங்க, பழைய இரும்பு கிரும்பெல்லாம் கெடக்கும்." அவரும் சரிங்கன்னார். அப்ப நான் எச்சரிக்கை பண்ணியாச்சா இல்லையா? யாருகிட்டயும் நான் இதைச் சொல்லிக் காட்டலை. ஆனா சொன்னது சொன்னதுதானே. ஞாயித்துக்கெழமை கண்காட்சி முடிச்சுட்டு, திங்கக்கெழமை நேர்ல போயி பக்குவமா எடுத்துச் சொல்லிரலாம்னு இருந்தேன். கெணறு தூர் வார்ற ஆளுக கூப்பிட்ட உடனே வருவாங்களா? வாரம் பத்து நாள் ஆகும். வழக்கம் அதானே.

இவங்க மறுநாளே வந்துட்டாங்க.

அங்கமுத்துன்னு ஒருத்தன். கோமங்கலத்துக்காரன். அவனும் அவன் தம்பி திருமூர்த்தியும் கிரேன் வெச்சு தூர் வார்றது, கெணறு வெட்டறது, பாறை இருந்தா வெடி வெச்சு எடுக்கறது. அதுதான் தொழில். ரெண்டு நாள் தண்ணி எறைச்சு, சனிக்கெழமை காலையில சேத்துல எறங்கியிருக்காங்க. தம்பிக்காரன் கடப்பாரை போட்டிருக்கான். பத்து மணி இருக்கும்ங்கறாங்க.

தம்பி அங்கயே போயிட்டான். அண்ணன் கிரேன்ல சேறு தூக்கற தொட்டியில ஏறி பாதி உயரம் வந்திருந்ததால தப்பிச்சான். வலது கை மணிக்கட்டோட போச்சு. மேக்கால சுவர் அப்படியே சரிஞ்சு உள்ள விழுந்துருச்சு.

நான் டயருக்குக் கறுப்பு பூசிட்டிருந்தேன். திருப்பூர்க்காரர்தான் போன் பண்ணிச் சொன்னார். அப்படியே உக்காந்துட்டேனுங்க. ஒரு மணி நேரம் எந்திரிக்கலை. நான் கல்லு இல்லை. அப்புறம் மறுபடியும் போன். போலீஸு வந்து அங்கமுத்தோட கொட்டாயைச் சோதனை போட்டிருக்காங்க. பாறை வெடி பத்துப் பதினஞ்சு, கேப்பு, திரி எல்லாம் இருந்துச்சாம். லைசென்சு இல்லை. அவன் வெடிதான் கெணத்துக்குள்ள வெடிச்சிருக்குன்னு எழுதிட்டாங்க.

மறுநாள் கண்காட்சிக்குப் போனேன். போகாம இருந்தா யாராச்சும் ஏன்னு கேப்பாங்க. வண்டி ஒரே செல்ஃபுல கெளம்புச்சு. ராணுவ வண்டிப் பிரிவுல மொத கோப்பை. யூசுப் பாய் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். போட்டோவுல பாருங்க, இதான் அவர். நான் சிரிக்கலை பாருங்க. மனசுல வெசனம் இருந்துச்சு.

பொள்ளாச்சி வந்தாச்சு. டீ ஏதாச்சும் குடிக்கறீங்களா? வேண்டாங்களா. சரி.

ஆஸ்பத்திரிக்கு நான் போனேனுங்க. நெலம் நம்ம கையில இல்லை, போகணும்னு கட்டாயம் இல்லை. ஆனாலும் ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். அங்கமுத்துக்கு என்னை முன்னப் பின்னத் தெரியாது. நெலத்தோட பழைய சொந்தக்காரர்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காரப் பார்த்தான். "படுப்பா"ன்னேன்.

"ஐயா, அன்னைக்கு நான் வெடி எறக்கவே இல்லீங்க. பாறையே இல்லாத எடத்துல எதுக்கு எறக்கப் போறேன்? யாரும் நம்ப மாட்டேங்கறாங்க"ன்னான்.

"ஒடம்பைப் பாரு அங்கமுத்து"ன்னேன்.

அப்புறம் சொல்றான், "ஆனா ஐயா, யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்பக் கொழப்பமா இருக்குதுங்க. முந்தின வாரம் வேற கெணத்துல வேலை. அந்தச் சாக்குப்பையை அலசாம கொண்டாந்துட்டனா? அதுல ஒண்ணு தங்கிருச்சா? என் தம்பியை நானே..."

ஒரு நிமிசம், தம்பி, ஒரு நிமிசம் எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்நேரம் பார்த்து நர்ஸ் வந்துட்டா.

வீட்டுக்கு வந்தா கோமளம் சமையல்கட்டுல நிக்கறா. திரும்பாமயே கேட்டா, "என்னோட அரக்குச் சேலை ஒண்ணு, பரண்ல வெச்சிருந்தேன். பார்த்தீங்களா?"

"துடைக்கறதுக்கு எடுத்திருப்பேன்"னேன்.

"எதைத் தொடைக்க?"ன்னா.

வண்டியைன்னேன். அந்த வாரமே கோபியில அவங்கண்ணன் வீட்டுக்குப் போனவதான். எட்டு மாசமாச்சு. போர்டிகோவை வண்டி அடைச்சுக்கிச்சுன்னு இவ்வளவு கோவம் வருமா ஒரு பொம்பளைக்கு? போன் பண்ணினா எடுத்து, சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேப்பா.

இன்னைக்கு உடுமலை கோர்ட்டுல கேஸு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணும் பெருசா இல்லை. அந்தக் கெணத்துல முன்ன ஏதாச்சும் வெடிப்பொருள் இருந்துச்சான்னு ஒரே ஒரு கேள்வி. போலீசுல அப்பவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதையே திருப்பிச் சொல்லணும். வக்கீல் சொன்னார், பத்து நிமிசம்னு.

நான் பொய் சொல்றவன் இல்லீங்க. முப்பத்தஞ்சு வருச வியாபாரத்துல ஒரு பேரிங்கை மாத்திக் குடுத்ததில்லை. ஆனா அந்தக் குண்டு என்னுதா, சொல்லுங்க? நான் செஞ்சதா? யுத்தம் பண்ணினவன் விட்டுட்டுப் போனது. எண்பது வருசம் ஏலம் விட்டவன் பார்க்கலை, ஏலம் எடுத்தவன் பார்க்கலை. நான் ஒருத்தன் பார்த்ததுக்கு நான் ஜெயிலுக்குப் போகணும், வண்டி காம்பவுண்டுல நிக்கணும். அது நாயமாப் படுதுங்களா?

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க பழனி போறவர். இனிமே பார்க்கப் போறதில்லை. எட்டு மாசமா நெஞ்சுக்குள்ள எதோ அடைச்ச மாதிரி இருக்கு. டாக்டர் வாயுங்கறார்.

சித்தெ இருங்க. கோமங்கலம் வந்துருச்சு. அதோ, முன்வாசல்ல ஏறறான் பாருங்க, எடது கையால கம்பியைப் புடிச்சுட்டு. வெள்ளைச் சட்டை. அவன்தான். அங்கமுத்து. இந்த பஸ்ஸுலதான் வருவான்னு எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காதீங்க. பார்த்துட்டான். கும்பிடறான். ஒரு கையில கும்பிடறான். நான் போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன். இல்லாட்டி நல்லாயிருக்காது.

வந்துட்டேன். முன்னாடி எடம் இருந்துச்சு, உக்கார வெச்சுட்டு வந்தேன். டிக்கெட்டு நான் எடுக்கறேன்னேன், விட மாட்டேங்கறான். மரியாதை தெரிஞ்ச ஆளு.

என்ன சொல்றான் தெரியுங்களா? இன்னைக்கு அவன் ஒத்துக்கப் போறானாம். "வக்கீல் ஒத்துக்கச் சொல்றாருங்க ஐயா, தண்டனை கொறையுமாமா. எனக்கும் அதான் சரின்னு படுது. நாந்தான் எறக்கியிருப்பேன். இல்லைன்னா அங்க வேற யாருங்க கொண்டாந்து வெக்கப் போறாங்க? ஒத்துக்கிட்டா தம்பி பொண்டாட்டி மூஞ்சியிலயாச்சும் முழிக்கலாம்"னான். அமைதியாத்தான் சொன்னான். அழுகையெல்லாம் இல்லை.

பார்த்தீங்களா, அவனே முடிவு பண்ணிட்டான். இனி நான் போயி கொழப்பறதுல என்ன பிரயோசனம்? செத்தவன் வரப் போறானா? கை வரப் போகுதா? அவனுக்கும் மனசு ஒரு நெலைக்கு வந்திருக்கு. அதைக் கலைக்கறது பாவமில்லீங்களா?

இன்னொண்ணும் சொன்னான். அந்தக் கெணத்தை மண்ணைப் போட்டு மூடி, மேலயே கோழிக் கொட்டாய் போட்டுட்டாங்களாம். அவன் சம்சாரம் அங்கதான் தீவனம் வெக்கற வேலைக்குப் போறா. தண்ணி பத்தலைன்னு கொட்டாய் ஓரத்துலயே, பழைய கெணத்து ஊத்துலதான் வரும்னு நீரோட்டம் பார்க்கறவன் சொன்னானாம், போர் போடறாங்க. லாரி இன்னைக்கு மத்தியானம் வருதாம்.

ஆமாங்க, நான் எறக்கினது ஆறு. வெடிச்சது எத்தனைன்னு யாருக்குத் தெரியும்? எல்லாமே சேர்ந்து வெடிச்சிருக்கலாம். அவ்வளவு பெரிய சுவர் சரிஞ்சிருக்கே. ஒண்ணு மட்டும் வெடிச்சா அப்படிச் சரியுமா? எனக்கென்னவோ எல்லாம் போயிருக்கும்னுதான் தோணுது. நான் நாளைக்கு திருப்பூர்க்காரருக்குப் போன் பண்ணி, வேற எடத்துல போடுங்கன்னு வேற ஏதாச்சும் காரணம் சொல்லலாம்னு இருக்கேன். இன்னைக்கு கோர்ட்டு வேலை இருக்குது.

என்னங்க, எந்திரிக்கறீங்க? பழனிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. காத்து வரலையா, ஜன்னலைத் தொறந்து விடட்டுமா? இருங்க, காலை எடுக்கறேன். பையைக் கையில எடுத்துட்டு எங்க போறீங்க? பின்னாடி எடமிருக்கு, முன்னாடி ஏன் போறீங்க?

தம்பி, அவங்கிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? இங்க வாங்க. உக்காருங்க. அவனுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க.